குறட்டை விடுபவர் ஆழ்ந்து உறங்குகிறாரா?

கூடத்தில் ஒருவர் படுக்கிறார். படுத்த ஐந்தாவது நிமிடமே குறட்டை தொடங்கிவிடுகிறது. அடுத்த அறையில் இருப்பவர்களுக்கும் அது கேட்கிறது. "கொடுத்து வைத்தவர்! கும்பகர்ணன் மாதிரி எப்படி உறங்குகிறார் பாருங்கள்" என்று வீட்டில் உள்ளவர்கள் பேசிக்கொள்கிறார்கள். குறட்டைதான் ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் என்பது நம்மிடையே நெடுங்காலமாக ஊறிப்போன எண்ணம். ஆனால் அதே மனிதர் காலையில் தலைவலியோடு எழுகிறார். அலுவலகத்தில் கோப்பைப் பார்த்துக்கொண்டே கண்ணயர்கிறார். பேருந்தில் இருக்கை கிடைத்தால் போதும், இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விடுகிறார். எட்டு மணி நேரம் உறங்கியவருக்குப் பகலிலும் ஏன் உறக்கம் வரவேண்டும்?

குறட்டை விடுபவர்கள் எல்லாரும் இப்படி இருப்பதில்லை. ஆனால் அவர்களில் ஒரு பகுதியினருக்கு உறக்கத்தில் தொண்டை அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. மூச்சு சிறிது நேரம் நின்று, பிறகு மீள்கிறது. மருத்துவர்கள் இதனை 'ஸ்லீப் ஆப்னியா' என்பார்கள். நாம் உறக்க மூச்சடைப்பு என்று கூறலாம். இந்நோய் கடுமையாக உள்ளவர்களின் உறக்கத்தைக் கருவிகள் கொண்டு அளந்து பார்த்தால், அது பெரும்பாலும் மேலோட்டமான உறக்கமாகவே இருப்பதைக் காணலாம். இதில் இன்னொரு விந்தையும் உண்டு. இவர்களது தொண்டை மற்ற உறக்க நிலைகளைவிட ஆழ்ந்த உறக்கத்தில்தான் நன்றாகத் திறந்திருக்கும். ஆனால் அந்த நிலைக்குப் போய்ச் சேரத்தான் தொண்டை அவர்களை விடுவதில்லை!

மருத்துவத்தைப் பற்றி இயற்பியல் ஆசிரியர் எழுதுவதா என்று நீங்கள் கேட்கலாம். அழுத்தம், அலை, பின்னூட்டம் ஆகிய மூன்றும் தெரிந்தால் இந்த நோயின் பெரும்பகுதி விளங்கிவிடும். அவற்றுள் முதல் இரண்டை நீங்கள் பள்ளியிலேயே படிக்கிறீர்கள்.

மூளை எழுதும் அலைகள்

உறக்கத்தின் ஆழத்தை எப்படி அளப்பது? கிணற்றின் ஆழம் போலக் கயிறு விட்டுப் பார்க்க முடியாது. ஜெர்மனியில் ஜெனா நகரில் பணியாற்றிய ஹான்ஸ் பெர்கர் என்னும் மருத்துவர் 1924ஆம் ஆண்டில் மனிதத் தலையின் மேற்புறத்திலிருந்து மின்னழுத்த மாற்றங்களை முதன்முதலில் பதிவு செய்தார். 1929இல் அதனை வெளியிட்டார். 1937இல் ஆல்பிரட் லூமிஸ் என்ற அமெரிக்கரும் அவருடைய கூட்டாளிகளும் இரவு முழுவதும் இவ்வாறு பதிவு செய்து, உறக்கம் ஒரே சீரானது அன்று, பல படிகளைக் கொண்டது என்று காட்டினார்கள். லூமிஸ் செல்வந்தர், சொந்த மாளிகையிலேயே ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்ட இயற்பியல் ஆர்வலர். எங்கள் துறைக்காரர் ஒருவருக்கும் இதில் பங்குண்டு என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சிறிது பெருமைதான்.

விழித்திருக்கும் மூளையின் அலைகள் சிறியவை, வேகமானவை. கண்களை மூடி அமைதியாக இருந்தால் விநாடிக்கு 8 முதல் 13 வரை எண்ணத்தக்க அலைகள் தோன்றும். உறக்கத்தில் இறங்க இறங்க அலைகள் மெதுவாகின்றன, உயரமும் கூடுகிறது. ஆழ்ந்த உறக்கத்தில் விநாடிக்கு ஓர் அலை, சில சமயம் இரண்டு விநாடிக்கு ஓர் அலை என்ற அளவில் பெரிய, மெதுவான அலைகள் எழுகின்றன. இவற்றை டெல்டா அலைகள் என்பார்கள். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே 75 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் இருந்தால் அதனை ஆழ்ந்த உறக்கத்தின் அலையாகக் கணக்கிடுவது வழக்கம். 'பெரிய அலை' என்று சொன்னேனே தவிர, டார்ச் விளக்கின் 1.5 வோல்ட் மின்கலத்தோடு ஒப்பிட்டால் இது அதில் இருபதாயிரத்தில் ஒரு பங்குதான்.

அலை ஏன் பெரிதாகிறது? அரங்கில் ஆயிரம் பேர் அவரவர் விருப்பப்படி கைதட்டினால் தொடர்ந்த இரைச்சல் கேட்கும். எல்லாரும் ஒரே தாளத்தில் தட்டினால் 'டப், டப்' என்று தனித்தனியாக, ஓங்கிக் கேட்கும். ஆழ்ந்த உறக்கத்தில் மூளையின் மேற்பட்டையில் உள்ள நரம்பணுக்கள் ஏராளமாக ஒன்றுசேர்ந்து செயற்படுகின்றன, ஒன்றுசேர்ந்து அடங்குகின்றன. ஒரே கட்டத்தில் உள்ள அலைகள் கூடினால் வீச்சு பெருகும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதுவேதான்.

வயது வந்த ஒருவரின் இரவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆழ்ந்த உறக்கம். அதில் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றில் ஒரு பகுதியிலேயே முடிந்துவிடும். கனவு உறக்கம், அதாவது மூடிய இமைகளுக்குள் விழிகள் வேகமாக அசையும் உறக்கம், விடியலை நெருங்க நெருங்க நீளும். இதனை 1953இல் சிகாகோவில் அசரின்ஸ்கி, கிளைட்மன் ஆகிய இருவர் அறிவித்தார்கள். குழந்தைகளுக்கு ஆழ்ந்த உறக்கம் மிகுதி. தேர்த் திருவிழாக் கூட்டத்திலும் தந்தையின் தோளில் அவர்கள் அசையாமல் உறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வயதில் அது குறையத் தொடங்குகிறது. அது வளர்ச்சியின் ஒரு பகுதி, கவலைப்பட ஒன்றுமில்லை.

ஆழ்ந்த உறக்கத்தில் இதயத் துடிப்பு மெதுவாகிறது, இரத்த அழுத்தம் இறங்குகிறது. வளர்ச்சி ஹார்மோன் இரவின் முதல் ஆழ்ந்த உறக்கத்தோடு சேர்ந்து பெருமளவில் சுரப்பதை 1968ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார்கள். இந்த நிலையில் இருப்பவரை எழுப்புவதும் எளிதன்று. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

காகிதக் குழலும் தொண்டையும்

இப்போது ஒரு சிறு சோதனை. பழச்சாறு குடிக்கக் காகிதத்தாலான உறிஞ்சுகுழல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சிறிது நேரம் நீரில் ஊறவிடுங்கள். மென்மையானதும் ஒரு நுனியை விரலால் பாதி மூடிக்கொண்டு மறு நுனியிலிருந்து வேகமாக உறிஞ்சுங்கள். குழலின் சுவர்கள் உட்புறமாக ஒட்டிக்கொள்ளும். இன்னும் பலமாக உறிஞ்சினால் இன்னும் இறுக ஒட்டும்! உள்ளே அழுத்தம் குறைந்துவிட்டது. வெளிக்காற்று சுவரை அமுக்குகிறது. விறைப்பான குழலாக இருந்தால் தாங்கியிருக்கும்.

நம் மூச்சுப் பாதையில் இவ்விரு வகைக் குழல்களும் உள்ளன. மூக்கு எலும்பாலும் குருத்தெலும்பாலும் ஆன கூட்டுக்குள் இருக்கிறது. தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழலைக் குருத்தெலும்பு வளையங்கள் தாங்கிப் பிடித்திருக்கின்றன. உங்கள் கழுத்தின் முன்புறம் மெதுவாகத் தடவினால் அவற்றை உணரலாம். இடையில் உள்ள தொண்டைக்கு மட்டும் அத்தகைய வளையம் கிடையாது. விழுங்கவும் பேசவும் அது வளைந்து நெளிந்து கொடுக்கவேண்டும். ஆகவே அதனைத் திறந்து வைத்திருக்கும் வேலையைத் தசைகள் செய்கின்றன. முகவாயின் உட்புறத்திலிருந்து நாக்குக்குச் செல்லும் ஒரு தசை இவற்றுள் முக்கியமானது. அது நாக்கை முன்னோக்கி இழுத்துப் பிடிக்கிறது.

உறங்கும்போது இத்தசைகள் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதி தன் எடையால் பின்னோக்கிச் சரிகிறது. பாதை குறுகுகிறது. குழலின் ஆரம் பாதியானால், அதே அழுத்த வேறுபாட்டில் அதன் வழியே செல்லும் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்பது பாய்சேயின் விதி. தொண்டையில் காற்றின் ஓட்டம் அவ்வளவு ஒழுங்கானது அன்று. எனினும் சிறிது குறுகினாலும் எவ்வளவு இழப்பு என்பதை இது காட்டும். குறுகிய இடத்தில் காற்று விரைந்து செல்கிறது; விரையும் இடத்தில் அழுத்தம் குறைகிறது; சுவர் மேலும் உள்வாங்குகிறது. அங்கே தொங்கும் உள்நாக்கும் மெல்லண்ணமும் காற்றில் கொடி படபடப்பதுபோல் அதிர்கின்றன. குறட்டை அந்த அதிர்வின் ஒலிதான். தடைபட்டு ஓடும் காற்றின் ஓசை அது. அதை மட்டும் வைத்து உறக்கத்தின் ஆழத்தை அறிய முடியாது.

நல்ல தொண்டை எளிதில் மூடுவதில்லை. உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சுமார் 10 செ.மீ. நீரழுத்தம் அளவுக்குக் குறைந்தால்தான் மூடும். சாதாரண மூச்சில் அவ்வளவு குறைவதில்லை. கடுமையான மூச்சடைப்பு உள்ளவர்களின் தொண்டையோ, உறிஞ்சுதல் சிறிதும் இல்லாமலே மூடிக்கொள்ளும் அளவுக்குத் தளர்ந்திருக்கும். கழுத்தில் சேர்ந்த கொழுப்பு, பின்தள்ளிய சிறு தாடை, பெருத்த டான்சில்கள் எனக் காரணங்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். பருமனானவர்களுக்கு இந்நோய் மிகுதி என்றாலும் ஒல்லியானவர்களுக்கு வராது என்று எண்ணிவிடக் கூடாது.

நள்ளிரவுப் பரமபதம்

தொண்டை மூடியதும் குறட்டை திடீரென நிற்கும். 'அப்பாடா, அமைதி!' என்று பக்கத்தில் படுத்திருப்பவர் எண்ணுவார். உள்ளே நடப்பது வேறு. மார்பும் வயிறும் மூச்சிழுக்க முயன்றுகொண்டே இருக்கின்றன. காற்று மட்டும் உள்ளே போகவில்லை. ஊறிய காகிதக் குழலை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது விநாடி, முப்பது விநாடி, சிலருக்கு ஒரு நிமிடம்கூட ஆகலாம். இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, கரியமில வாயு கூடுகிறது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் விரல் நுனியில் மாட்டும் ஆக்சிஜன் மானியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நலமாக உள்ளவருக்கு அது 95க்கு மேல் காட்டும். கடுமையான மூச்சடைப்பில் அது 80க்கும் கீழே இறங்குவதுண்டு, மூச்சு மீண்டதும் ஏறும், மறுபடி இறங்கும். இரவு முழுவதும் வரைந்தால் வரைபடம் இரம்பப் பல்லைப் போல் இருக்கும்.

மூச்சிழுக்கும் முயற்சி கடுமையாகி ஓர் எல்லையைத் தாண்டியதும் மூளை விழித்துக்கொள்கிறது. தொண்டைத் தசைகள் விறைக்கின்றன. பெரிய செருமலோடு காற்று உள்ளே பாய்கிறது. இந்த விழிப்பு சில விநாடிகளே நீடிப்பது. உறங்குபவருக்கு அது தெரியாது. காலையில் கேட்டால் "நன்றாகத்தானே உறங்கினேன்" என்பார். மூளை அலைப் பதிவில் மட்டும் மெதுவான அலைகளுக்கு நடுவே வேகமான சிற்றலைகள் திடீரென நுழைந்திருப்பது தெரியும்.

மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றால், அல்லது அந்த அளவு நேரத்துக்குப் பெரிதும் குறைந்து ஆக்சிஜன் இறக்கமோ விழிப்போ உண்டானால், அதனை ஒரு நிகழ்ச்சியாகக் கணக்கிடுகிறார்கள். மணிக்கு 30 அல்லது அதற்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் இருந்தால் நோய் கடுமையானது. முப்பது என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. அறுபது, எழுபது என்று இருப்பவர்களும் உண்டு. மணிக்கு அறுபது வீதம் ஏழு மணி நேரத்துக்குக் கணக்கிட்டுப் பாருங்கள்: 420 தடவை!

பரமபதம் ஆடியிருப்பீர்கள். நலமான ஒருவர் விழிப்பிலிருந்து லேசான உறக்கம் வழியாக ஆழ்ந்த உறக்கத்தை அடையப் பொதுவாகக் கால் மணி முதல் அரை மணி நேரம் ஆகும். இடையூறு இல்லாத கால் மணி நேரம் வேண்டும். இவருக்குக் கிடைப்பதோ இரண்டு நிமிடம், ஒரு நிமிடம். சில கட்டங்கள் முன்னேறுவதற்குள் பாம்பின் வாயில் அகப்பட்டுத் தொடங்கிய இடத்துக்கே வருகிறார். இப்படியே விடிந்துவிடுகிறது. கடிகாரத்தின்படி அவர் உறங்கியது எட்டு மணி நேரம். அதில் டெல்டா அலைகள் எழுந்தது சிறிது நேரம்தான், சில இரவுகளில் ஏறக்குறைய இல்லை.

ஆழத்தில் அமைதி

இனி முதலில் சொன்ன விந்தைக்கு வருவோம். கடுமையான நோயாளியின் பதிவைப் புரட்டிக்கொண்டே போகும்போது, சில இரவுகளில் எதிர்பாராத காட்சி ஒன்று தென்படும். இரம்பப் பல்லாக இருந்த ஆக்சிஜன் கோடு திடீரென நேராகிவிடும். மூச்சு ஒரே சீராக வரும். குறட்டை இருக்கலாம், அடைப்பு இராது. மூளை அலைகளைப் பார்த்தால் அங்கே டெல்டா அலைகள் நிற்கும். இருபது நிமிடமோ அரை மணியோ கழித்து ஆழ்ந்த உறக்கம் முடிந்ததும் பழைய இரம்பம் மறுபடியும் தொடங்கிவிடும்.

அதே தொண்டை, அதே கழுத்து, அதே மனிதர். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

சைக்கிள் கற்றுக்கொள்ளத் தொடங்கிய நாளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் நீங்கள் கைப்பிடியை அளவுக்கு மீறித் திருப்புகிறீர்கள். அது வலப்பக்கம் சாய்கிறது. பதறி மறுபடி எதிர்ப்பக்கம் திருப்புகிறீர்கள். வண்டி வளைந்து வளைந்து போய்க் கடைசியில் வேலியில் முட்டுகிறது. ஒரு மாற்றத்தைக் கண்டு அதனைச் சரிசெய்யும் ஏற்பாட்டைப் பின்னூட்டம் என்கிறோம். திருத்தம் அளவுக்கு மீறினால் பின்னூட்டமே ஆட்டத்தை வளர்த்துவிடும்.

மூச்சும் பின்னூட்டத்தால் இயங்குவதே. இரத்தத்தில் கரியமில வாயு கூடினால் மூளை 'மூச்சு விடு' என்று அதிகமாகக் கட்டளையிடும்; குறைந்தால் கட்டளை தளரும். நம் நோயாளி விழித்துக்கொண்டதும் என்ன செய்கிறார்? பதறிய சைக்கிள்காரரைப் போல் பெரிய பெரிய மூச்சுகளாக இழுக்கிறார். கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. அவர் மறுபடி கண்ணயரும்போது மூளையின் கட்டளை பலவீனமாக இருக்கிறது. அந்தக் கட்டளை மார்புக்கு மட்டுமல்ல, நாக்கை முன்னிழுக்கும் தசைக்கும் உரியது. தசை தளர்கிறது, தொண்டை மூடுகிறது. காப்பாற்ற வந்த விழிப்பே அடுத்த அடைப்புக்கு வழி செய்துவிடுகிறது.

ஆழ்ந்த உறக்கத்தில் உள்ளவரை எழுப்புவது கடினம் என்று முன்பு சொன்னேன் அல்லவா? அது இங்கே நன்மையாகிறது. தொண்டை சிறிது குறுகத் தொடங்கினாலும் மூளை உடனே விழிப்பதில்லை. அந்த இடைவேளையில் கரியமில வாயு மெல்லக் கூடுகிறது. தொண்டையின் உள்ளழுத்தம் குறைவதை அங்குள்ள நரம்பு நுனிகள் உணர்கின்றன. இவ்விரு தூண்டுதலும் சேர்ந்து நாக்குத் தசையை உறக்கத்திலேயே வேலை செய்யவைக்கின்றன. பாதை திறக்கிறது. விழிப்பில்லை, பெருமூச்சில்லை, ஆகவே அடுத்த ஆட்டமும் இல்லை. பழகிய கைகள் சைக்கிளை ஓட்டுவதைப் போன்றது இது.

அப்படியானால் எது காரணம், எது விளைவு? மூச்சு சீராக இருந்ததால் ஆழ்ந்த உறக்கம் வந்ததா, ஆழ்ந்த உறக்கம் வந்ததால் மூச்சு சீரானதா? இரண்டும் உண்மை என்றே கூறவேண்டும். ஒன்றையொன்று தாங்கும் இரண்டு சீட்டுகளால் கட்டிய வீடு அது. கடுமையான நோயில் முதல் சீட்டை நிறுத்துவதற்கே நேரம் கிடைப்பதில்லை. கனவு உறக்கத்தில் நிலைமை நேர்மாறு: உடலின் தசைகள் மிகவும் தளர்ந்துவிடுவதால் அடைப்புகள் நீளும், ஆக்சிஜன் ஆழமாக இறங்கும். கனவு உறக்கம் மிகுந்த விடியற்காலைதான் பலருக்குக் கடினமான நேரம்.

"ஆழ்ந்த உறக்கம் நல்லது என்றால் உறக்க மாத்திரை போட்டுக்கொள்ளலாமே" என்று தோன்றலாம். மருத்துவரைக் கேட்காமல் அதைச் செய்யவே கூடாது. அத்தகைய மருந்துகளில் பல, ஆழ்ந்த உறக்கத்தின் டெல்டா அலைகளைத் தருவதில்லை; சில தசைகளையும் மேலும் தளர்த்தும். மதுவும் அப்படித்தான்: தொண்டையைத் தளரவைத்து அடைப்பை நீட்டும்.

சீட்டாட்டத்தில் உறங்கியவர்

இந்நோயை மருத்துவ உலகம் புரிந்துகொண்ட கதை சுவையானது. 1956இல் பர்வெல் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் மிகப் பருமனான நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார்கள். அவர் வாரந்தோறும் நண்பர்களுடன் போக்கர் ஆடுபவர். ஒருநாள் மூன்று ஆசும் இரண்டு ராஜாவும் கையில் வந்தன. ஏறக்குறைய வெற்றி உறுதி. ஆனால் அவர் சீட்டைப் பிடித்தபடியே உறங்கிப் போனார்! அதன்பின்தான் மருத்துவமனைக்குச் சென்றாராம். சார்லஸ் டிக்கன்ஸ் 1836, 1837ஆம் ஆண்டுகளில் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' கதையில், நின்றுகொண்டே உறங்கும் ஜோ என்ற தடித்த பையன் வருகிறான். அவனை நினைத்து இந்நிலைக்குப் பிக்விக் நோய் என்று பெயரிட்டார்கள்.

பகலில் அவர்கள் ஏன் உறங்குகிறார்கள்? இரத்தத்தில் மிகுந்த கரியமில வாயு மூளையை மயக்குகிறது என்பதே அப்போதைய விளக்கம். அது பகலில் இரத்தத்தைச் சோதித்துக் கண்ட முடிவு. 1965இல் பிரான்சில் மார்செய் நகரில் காஸ்தோவும் அவர் குழுவினரும், ஜெர்மனியில் பிரைபர்க் நகரில் யுங், கூலோ என்ற இருவரும், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே வேறொன்று செய்தார்கள். நோயாளி இரவில் உறங்கும்போது மூளை அலைகளையும் மூச்சையும் ஒரே நேரத்தில் பதிவு செய்தார்கள். தொண்டை அடைப்பதும், மூளை விழிப்பதும், உறக்கம் துண்டு துண்டாவதும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தன. 1969இல் கூலோவும் கூட்டாளிகளும் இந்நோயாளிகளுக்குக் கழுத்தின் முன்புறம், தொண்டைக்குக் கீழே துளையிட்டு மூச்சுவிட வழி செய்ததைப் பற்றி எழுதினார்கள். காற்று தொண்டையைத் தொடாமலே நுரையீரலுக்குப் போயிற்று, நோய் நீங்கியது. குற்றவாளி தொண்டைதான் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. ஆனால் கழுத்தில் நிலையான துளையோடு வாழ யார்தான் விரும்புவார்?

ஒரு டம்ளர் தண்ணீரின் அழுத்தம்

மருந்தில்லாத, கத்தியில்லாத வழியைக் கண்டவர் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரைச் சேர்ந்த காலின் சல்லிவன். தொண்டைச் சுவரை வெளியிலிருந்து இழுத்துப் பிடிக்க முடியாது. உள்ளிருந்து தள்ளிப் பிடித்தால் என்ன? தூசி உறிஞ்சும் கருவியின் விசைப்பொறியைக் கொண்டு, உறிஞ்சுவதற்குப் பதிலாகக் காற்றை ஊதச் செய்தார். குழாய் வழியாக அந்தக் காற்று மூக்குக்குள் தொடர்ந்து செலுத்தப்பட்டது. 1981இல் 'லான்செட்' இதழில் ஐந்து நோயாளிகளைப் பற்றிய அவரது கட்டுரை வெளிவந்தது. தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 செ.மீ. நீரழுத்தம். ஐவருக்கும் தொண்டை மூடவேயில்லை.

10 செ.மீ. நீரழுத்தம் என்றால் எவ்வளவு? வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1,033 செ.மீ. உயர நீர்த்தம்பத்துக்குச் சமம். ஆக இது அதில் நூற்றில் ஒரு பங்கு. பத்து செ.மீ. உயரத்துக்கு நீர் நிரப்பிய டம்ளரின் அடியில் உள்ள கூடுதல் அழுத்தம் இவ்வளவுதான். பலூனை ஊத இதைவிட அதிகம் வேண்டும். இந்தச் சிறு அழுத்தம் ஊறிய காகிதக் குழலை உள்ளிருந்து நிமிர்த்திப் பிடிக்கிறது. இன்றைய கருவிகள் கையடக்கமானவை, ஓசை குறைந்தவை. முகமூடியை ஒவ்வோர் இரவும் அணிந்துகொள்ளவேண்டும் என்பதுதான் பலருக்குச் சலிப்பூட்டும் செய்தி. எடையைக் குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல், தாடையை முன்னிழுக்கும் பல்கருவி, அறுவை ஆகியவையும் அவரவர் நிலைக்கேற்பப் பயன்படுகின்றன.

கருவி பொருத்திய முதல் இரவுகளில் ஒரு வேடிக்கை நடக்கும். நெடுநாள் பட்டினி கிடந்தவன் விருந்தில் அமர்ந்ததுபோல, மூளை ஆழ்ந்த உறக்கத்தையும் கனவு உறக்கத்தையும் வழக்கத்துக்கு மீறி அள்ளிக்கொள்ளும். டெல்டா அலைகள் பக்கம் பக்கமாக ஓடும். குறட்டைக்குப் பழகிய வீட்டார், இத்தனை அமைதியாக அசையாமல் கிடக்கிறாரே என்று பயந்து மூக்கருகே கை வைத்துப் பார்ப்பதும் உண்டு. விழித்திருக்கும் நேரத்தோடு உறக்கத்தின் தேவை கடனைப்போல் ஏறிக்கொண்டே போகிறது, ஆழ்ந்த உறக்கம் அதைத் தீர்க்கிறது என்று 1982இல் சுவிட்சர்லாந்தின் போர்பேய் கூறிய கருத்துக்கு இது பொருந்துகிறது. நாளடைவில் உறக்கம் அவர் வயதுக்குரிய அளவில் நிலைபெறும்.

இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன? பகல் உறக்கத்தோடு நிற்பதில்லை. ஒவ்வொரு விழிப்பின்போதும் இரத்த அழுத்தம் திடீரென ஏறுகிறது; இரவில் இறங்கவேண்டிய அழுத்தம் இறங்காமல், நாளடைவில் பகலிலும் உயர்ந்தே நின்றுவிடக்கூடும். இதய நோயும் பக்கவாதமும் இவர்களிடையே மிகுதி. வண்டி ஓட்டுபவராக இருந்தால் அவரோடு மற்றவர்களும் ஆபத்துக்கு உள்ளாகிறார்கள். சிகிச்சை பெறாத மூச்சடைப்பு உள்ள ஓட்டுநர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் இரு மடங்குக்கும் மேல் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறுகிறார்கள். இரவு முழுவதும் லாரி ஓட்டும் ஒருவர் பகலில் குறட்டையோடு உறங்குவதை 'நல்ல ஓய்வு' என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

சிறுவர்களுக்கும் இந்நோய் வரும். பெரும்பாலும் பெருத்த டான்சில்களும், மூக்கின் பின்புறத்துச் சதை வளர்ச்சியும் காரணம். ஆனால் அவர்களது ஆழ்ந்த உறக்கம் அவ்வளவு எளிதில் குலைவதில்லை. அடைப்புகள் கனவு உறக்கத்திலேயே மிகுதியாக வருகின்றன. வாயைத் திறந்துகொண்டு உறங்குவதும், பெரிய வயதிலும் படுக்கையை நனைப்பதும், வகுப்பில் கவனம் சிதறுவதும் அடையாளங்களாக இருக்கலாம். பகலில் உறங்கி வழிவதைவிடத் துறுதுறுவென்று அடங்காமல் இருப்பதே சிலரிடம் மிகுந்து காணப்படும். அத்தகைய பிள்ளையைச் சோம்பேறி, அடங்காப்பிடாரி என்று திட்டுவதற்குமுன் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

உங்கள் வீட்டில் பலமாகக் குறட்டை விடுபவர் இருந்தால் நீங்களே ஒன்று செய்யலாம். விநாடி முள் உள்ள கடிகாரம் ஒன்றும் ஒரு தாளும் போதும். அவர் உறங்கி ஒரு மணி நேரம் ஆனபின் பத்து நிமிடம் அருகில் அமருங்கள். குறட்டை நின்று, மார்பு மட்டும் அசைந்து, பிறகு செருமலோடு மூச்சு மீளும் ஒவ்வொரு தடவையையும் எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்திருந்தாரா, ஒருக்களித்தா என்பதையும் எழுதுங்கள். முடிந்தால் விடியற்காலையில் இன்னொரு பத்து நிமிடம் பாருங்கள். ஒரு வேளை நீங்கள் பார்த்த நேரம் அவரது அபூர்வமான ஆழ்ந்த உறக்க நேரமாக அமைந்துவிட்டால் எதுவும் தென்படாது. அதனால் ஒரு நாளோடு விட்டுவிட வேண்டாம். அந்தத் தாளை அவரோடு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். உறங்கியவருக்குத் தெரியாத செய்தி அதில் இருக்கும். தலையில் மின்வாய்கள் பொருத்தி ஓர் இரவு முழுவதும் செய்யவேண்டிய உறக்கச் சோதனை தேவையா என்று முடிவு செய்ய அது மருத்துவருக்கு உதவும்.